வங்கி முகவரி மாறியது, பதிவேடு பத்திரமா?

வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி கொடுத்த கெடு 2025 அக்டோபர் 31-உடன் முடிந்தது. அதற்குப் பிறகும் வாசகர்களின் கேள்விகள் ஓயவில்லை. 'புதுப் பெயரில் பேங்க் பக்கம் திறக்கிறது, பாஸ்வேர்டு போடலாமா?' என்று ஊரப்பாக்கத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் எழுதுகிறார்கள். 'பூட்டுப் படம் தெரிகிறதே, அப்புறம் என்ன பயம்?' என்று தாம்பரத்திலிருந்து ஒரு கேள்வி. முதலாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அதிகாரப்பூர்வமான விளக்கம். 2025 பிப்ரவரி 7 அன்று நாணயக் கொள்கை அறிவிப்போடு இந்தத் திட்டத்தைச் சொன்னார் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. ஏப்ரல் 22-ல் சுற்றறிக்கை வந்தது. ரிசர்வ் வங்கியே 1996-ல் ஹைதராபாத்தில் நிறுவிய ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே இந்த முகவரிகளைப் பதிவு செய்து தரும். பிஷிங் போன்ற மோசடிகள் குறையும், டிஜிட்டல் வங்கிச் சேவையில் நம்பிக்கை கூடும் என்பது எதிர்பார்ப்பு.

இது பாதி உண்மை. வங்கியின் பெயரைப் போலவே இன்னொரு பெயரை வாங்கி ஏமாற்றுவது இனி கடினம். 'டாட் பேங்க் டாட் இன்' என்ற வால் வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. ஆனால், 'பாதுகாப்பான முகவரி' என்று அறிவிப்பில் சொல்லப்படுவது, போலிப் பெயரைத் தடுக்கிற முகவரி. உண்மையான பெயரையே ஒருவன் களவாடினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

பிரேசிலில் ஒரு சனிக்கிழமை

2016 அக்டோபர் 22. பிரேசிலின் பெரிய வங்கி ஒன்றின் 36 டொமைன்களும், அதாவது இணைய முகவரிகளும், ஐந்தாறு மணி நேரம் திருடர்கள் வசம் இருந்தன. இதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை, வங்கியின் பெயரைச் சொல்லவில்லை. திருடர்கள் வங்கியின் சர்வரைத் தொடவே இல்லை. டொமைன் பதிவாளரிடம் வங்கி வைத்திருந்த பயனர் கணக்கைக் கைப்பற்றி, பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற டிஎன்எஸ் பதிவை மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் எப்போதும்போல் சரியான முகவரியைத் தட்டினார்கள். திறந்தது போலிப் பக்கம். வங்கியின் மின்னஞ்சலும் அதே பெயரில் ஓடியதால், 'உள்ளே போகாதீர்கள்' என்று யாருக்கும் மெயில் அனுப்பக்கூட வழியில்லை. பதிவாளர் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வசதி இருந்தும் வங்கி அதைப் போட்டிருக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

கூடுவாஞ்சேரி சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த மனையின் பத்திரம், வேலியை யாரும் தாண்டாமலே வேறு பெயருக்கு மாறிப்போவது போன்றது இது. வீட்டுக்கு எத்தனை கேமரா வைத்திருந்தாலும் பயன் இல்லை.

பூட்டுப் படம் எப்படி வந்தது?

அந்தப் போலிப் பக்கங்களில் பூட்டுப் படமும் இருந்தது. அந்தப் படத்தை வரவைக்கும் அசல் சான்றிதழோடுதான் இருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சான்றிதழ் தரும் நிறுவனம் வங்கிக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதில்லை. விண்ணப்பித்தவருக்கு ஓர் எழுத்து வரிசையைக் கொடுத்து, 'இதை அந்தத் தளத்திலோ அந்தப் பெயரின் டிஎன்எஸ் பதிவிலோ போட்டுக் காட்டு' என்கிறது. போட்டுக் காட்டினால், பெயர் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதாக அர்த்தம். கேட்பதும் எந்திரம், சரிபார்ப்பதும் எந்திரம். சில வினாடிகளில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். பிரேசில் திருடர்களுக்குச் சான்றிதழ் கிடைத்த லெட்ஸ் என்க்ரிப்ட், கட்டணமே வாங்காத நிறுவனம். அது விதியை மீறவில்லை. டிஎன்எஸ் பதிவை மாற்றியவன் கையில் அந்த நேரத்தில் பெயர் உண்மையாகவே இருந்தது. சோதனையில் அவன் நியாயமாகவே தேறினான்.

நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்துத் தரப்படும் விலை கூடிய சான்றிதழ்களும் உண்டு. அவற்றை வாங்கிய நிறுவனத்தின் பெயரை முகவரிப் பட்டையில் காட்டுவதை குரோமும் ஃபயர்பாக்ஸும் 2019-ல் நிறுத்திவிட்டன. ஆக, இரண்டு வகைப் பூட்டும் பார்வைக்கு ஒன்றுதான். 'பூட்டைப் பார்த்துப் பாஸ்வேர்டு போடுங்கள்' என்று வங்கிகள் பல காலமாகச் சொல்லிவந்த அறிவுரை, பதிவாளரிடம் பெயர் பத்திரமாக இருக்கும்வரைதான் செல்லும்.

பெயரைப் பதிந்து தருவது அரசு சார்ந்த அமைப்பு என்பதால் மட்டும் கவலை தீராது. 2014 ஜூலையில், மத்திய அரசின் தேசிய தகவல் மையமான என்ஐசி-யின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. நான்கு மட்டுமே என்றது இந்தியத் தரப்பு; அந்த நான்கில் இல்லாத சான்றிதழ்களும் இருப்பதாக கூகுள் சொன்னது.

தடுக்க முடியாதா?

முடியும். 2013 ஆகஸ்டில் சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு, மெல்பர்ன் ஐடி என்ற ஆஸ்திரேலியப் பதிவாளரின் மறுவிற்பனையாளர் ஒருவரின் பாஸ்வேர்டைப் பிடித்து நியூயார்க் டைம்ஸ் முகவரியைத் திருப்பிவிட்டது. அதே தாக்குதலில் ட்விட்டரின் முதன்மை முகவரி தப்பியது. படங்களுக்கான துணை முகவரி சிக்கியது. முதன்மை முகவரிக்கு 'ரெஜிஸ்ட்ரி லாக்' போட்டிருந்தார்கள். இந்தப் பூட்டு இருந்தால் பாஸ்வேர்டு தெரிந்தவனும் பதிவை மாற்ற முடியாது. முன்கூட்டியே பதிந்துவைத்த ஆட்களிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்த பிறகே மாற்றம் நடக்கும்.

ஐடிஆர்பிடி ஒன்றே பதிவாளர் என்பதால் கண்ட மறுவிற்பனையாளரிடமும் பாஸ்வேர்டு சிதறிக் கிடக்காது என்பது லாபம். நாட்டின் வங்கிப் பெயர்கள் அத்தனையும் ஒரே வாசலுக்குப் பின்னால் வந்துவிட்டன என்பது அபாயம். அந்த வாசல் எப்படிக் காக்கப்படுகிறது, தங்கள் பெயருக்கு ரெஜிஸ்ட்ரி லாக் இருக்கிறதா என்பதை வங்கிகள் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும்.

பதிவாளரின் கை எவ்வளவு நீளம் என்பதை ஊரப்பாக்கத்துக்கு அருகிலேயே பார்த்திருக்கிறோம். ஜிஎஸ்டி சாலையில் வல்லாஞ்சேரி எஸ்டான்சியா வளாகத்திலிருந்து இயங்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் பெயரை, 2018 செப்டம்பர் 24 அன்று அதன் அமெரிக்கப் பதிவாளர் டியர்ரா.நெட் முடக்கியது. அது திருட்டு இல்லை. பிஷிங் புகார்கள் வந்ததால் எடுத்த நடவடிக்கை. வந்தவை மூன்றே புகார்கள் என்றது ஜோஹோ. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, பெயர் மட்டும் இல்லை. மூன்று கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு, ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியிருந்தது.

மற்ற கேள்விகள்

புது முகவரியில் பாஸ்வேர்டு போடலாமா? போடலாம், ஆனால் முகவரியை நீங்களே தட்டுங்கள், மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள்.

முகவரியில் எதைப் பார்ப்பது? 'பேங்க்' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் புள்ளி இருக்க வேண்டும், 'இன்' என்பதோடு பெயர் முடிய வேண்டும். முன்னால் சிறுகோடு இருந்தாலோ, 'இன்'னுக்குப் பிறகு இன்னொரு புள்ளியும் பெயரும் தொடர்ந்தாலோ அது வேறு ஆள்.

'முகவரி மாறியதால் கேஒய்சி புதுப்பியுங்கள்' என்று அழைப்பு வந்தால்? மோசடி, துண்டித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால்? உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

டொமைன் திருட்டுக்குச் சட்டம் உண்டா? சென்னை நிறுவனமான சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் வழக்கு முடியும்வரை பெயர் யார் கையில் இருக்கும் என்பதுதான் தொல்லை.

கடைக்கும் பள்ளிக்கும் சொந்தமாக டொமைன் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? வெப்சைட் செய்து தந்தவர் தன் பெயரிலேயே அதைப் பதிந்திருக்கக்கூடும். பதிவாளர் கணக்கு யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்த மெயில் அதே டொமைனில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை வேறு பதிவாளரிடம் கொண்டுபோகவிடாத டிரான்ஸ்ஃபர் லாக்கையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.