மங்கம்மாள் மண்டபம்

லால்குடியில் ரயிலேறினால் கொள்ளிடத்தையும் காவேரியையும் கடந்து சிறிது நேரத்தில் திருச்சி டவுன் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். ஆனால், உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துத் திரும்புவோருள் பலர், மலையடிவாரத்தில் ஓர் அரசவை மண்டபம் நிற்பதை அறியாமலே போய்விடுகிறார்கள். "டவுன் ஹால்" என்று சொன்னால் வழி காட்டுகிறவர்கள்கூட, "நாயக்கர் அரண்மனை" என்றால் அது மதுரையில் அல்லவா இருக்கிறது என்பார்கள்!

அப்படிச் சொல்வதிலும் ஒரு பொருத்தம் உண்டு. சொக்கநாத நாயக்கர் 1665-ஆம் ஆண்டு வாக்கில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தம் பாட்டனார் திருமலை நாயக்கரின் மதுரை மாளிகையில் பெரும்பகுதியை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டே இங்கு அரண்மனை எழுப்பினார் என்பர். பேரன் கட்டியதும் முழுமையாக நிலைக்கவில்லை. மிஞ்சியவற்றுள் தலையாயது இந்தத் தர்பார் மண்டபம்.

கட்டியவர் சொக்கநாதர், பெயரோ அவர் மனைவியாருடையது. கணவரை இழந்து, மகனையும் மருமகளையும் பறிகொடுத்து, கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் சுமார் பதினேழு ஆண்டுகள் நாட்டை ஆண்டவர் ராணி மங்கம்மாள். சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரை இன்றும் சொல்கின்றன. கட்டியவரை விட்டு ஆண்டவரை நினைவில் வைத்த ஜனங்களின் நியாயம் நமக்குப் பிடித்தேயிருக்கிறது.

பின்பு நடந்தவை சோகக் கதை. பேரன் விஜயரங்கர் 1732-இல் மறைய, அவர் மனைவி மீனாட்சி அரசேற்றார். சந்தா சாகிப்பின் வாக்கை நம்பி வஞ்சிக்கப்பட்ட அவர் நஞ்சுண்டு மாண்டதாகக் கூறுவர். 1741-இல் மராட்டியர் கோட்டையைப் பிடித்தனர். 1751, 52-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காகவே மோதினர். 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பெனியார் வசமாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் வளாகத்தில் கச்சேரிகள் புகுந்தன. அரசவை நகர மண்டபமாயிற்று. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாம் சுளிக்க மாட்டோம். ஆளில்லாத அரண்மனையின் கல்லும் மரமும் எங்கே போகும் என்பதற்கு மதுரையே சாட்சி! கூட்டம் கூடும் கட்டிடத்துக்குத்தான் ஒழுகும் கூரையைச் செப்பனிட ஆள் வருகிறது.

1983-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இப்போது இம்மண்டபத்தில் இருக்கிறது. ஒருமுறை நம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். பையன்கள் பழைய நாணயங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும், "ராணி எங்கே உட்காருவாங்க, சார்?" என்று கேட்டாள். நடுவிலுள்ள விதானத்தைக் காட்டி, "அதன் கீழே இருக்கலாம்" என்றோம். அவள் தனியே போய் அங்கே சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.