சூரியனை மட்டும் நம்பிக் கடை நடத்தலாமா?

2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டையும், அதன்பின் ஏறிய மின்கட்டணத்தையும் கண்ட வியாபாரிகள் சிலர், "லயினையே வெட்டிவிட்டு முழுக்க சோலாருக்குப் போகலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். புடவைக் கடைக்காரர் யோசித்துப் பார்க்கலாம். இறைச்சியும் ஐஸ்கிறீமும் விற்பவர் முதலில் இரவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பெனல் பகலில் உழைக்கும். டீப் பிரீஸர் இரவிலும் ஓடும். அது இரவில் 10 யூனிட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 200 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று கொள்வது 2.4 யூனிட். அதிலும் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். ஆக, ஓர் இரவுக்கே ஒன்பது பற்றரி! லித்தியத்தில் கூடுதலாக எடுக்கலாம். ஆனால் விலை கையைக் கடிக்கும்.

கிழக்கில் டிசம்பர் மழை நாட்கணக்கில் விடாது. பற்றரி நிறையுமுன் அடுத்த இரவு வந்துவிடும். மழையை நினைத்துப் பெனலைக் கூட்டினாலோ, வெயில் மாதங்களில் மிஞ்சுவதைச் சபைக்கு விற்க லயின் இருக்காது.

இன்னொன்று. லயினோடு இணைத்த, பற்றரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. விற்க வருபவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பது குறைவு.

என் அபிப்பிராயம், லயின் இருக்கட்டும். பிரீஸருக்கும் பில் போடும் மெஷினுக்கும் மட்டும் போதுமான பற்றரியோடு ஹைபிரிட் இன்வேட்டர் போடுங்கள். பிரீஸர் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்குமா என்று கேளுங்கள். டிசம்பரில் எத்தனை யூனிட் வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பின்பே அட்வான்ஸைக் கொடுங்கள்.