ஈரத்திலும் பிடிவிடாத பசை

நனைந்த சுவரில் சுவரொட்டி ஒட்டாது. வியர்த்த தோலில் பிளாஸ்திரி நில்லாது. நீர் பசைக்குப் பகை. நம் உடலின் உட்புறமோ எப்போதும் ஈரமானது. ஆகவே, உடலுக்குள் பொருத்தும் உலோகக் கருவியின்மீது பாலிமர் பூச்சை உரியாமல் நிலைநிறுத்துவது எளிதன்று.

இதற்கொரு வழியைக் கடல் காட்டியது. மஸ்ஸல் என்னும் கடற்சிப்பி, மெல்லிய இழைகளால் அலை மோதும் பாறையை இறுகப் பற்றுகிறது. அதன் ஒட்டும் புரதத்தில் ‘டோபா’ என்னும் அமினோ அமிலம் இருப்பது 1981இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. பார்க்கின்சன் நோய்க்கு வழங்கப்படும் லெவோடோபாவும் இதே சேர்மமே. இதன் மூலக்கூறில் அருகருகே அமைந்த இரு ஹைட்ராக்சில் தொகுதிகள், ஈரப் பரப்பிலும் உலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன.

2007இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டோபாவுக்கு நெருங்கிய உறவான டோபமைனைச் சற்றே காரத்தன்மையுள்ள நீரில் கரைத்தனர். அதில் மூழ்க வைத்த பொருள்களின்மீது நானோமீட்டர் அளவிலான மெல்லிய படலம் படிந்தது. அப்படலமே பாலமாக நின்று, உலோகத்தையும் பாலிமரையும் இணைத்தது. ஸ்டென்ட், எலும்பு உள்வைப்பு ஆகியவற்றில் கிருமி படிவதையும் இரத்தம் உறைவதையும் குறைக்கும் பூச்சுகளுக்காக இம்முறை ஆராயப்பட்டு வருகிறது.

அன்பார்ந்த வாசகர்களே! கடைகளில் விற்கும் பசையைக் காயத்தில் இடாதீர்கள்; மருத்துவர் பயன்படுத்தும் திசுப்பசை வேறு. உடலில் கருவி பொருத்தப்பட்டிருப்பின், அதன் விவர அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அவ்விடத்தில் வீக்கம், சிவப்பு, சீழ் காணப்பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதியாது மருத்துவரை அணுகுங்கள்.