காற்று ஏன் சுடுகிறது? கச்சானும் ஃபோனும்

றைன் பள்ளத்தாக்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் முற்றத்தில், சென்ற மார்ச் மாதத்தில் ஒருநாள் திடீரென வெக்கைக் காற்று வீசியது. காலையில் பனி மூடிக் கிடந்த நிலம் பின்னேரத்துக்குள் காய்ந்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்பு இளைஞர், "சேர், இது எங்கட கச்சான் மாதிரி இருக்கு" என்றார். சுவிஸ்காரர் இக்காற்றை ஃபோன் என்பர். (தொலைபேசியல்ல. தலைமயிர் காயவைக்கும் கருவியையும் இங்கு இப்பெயரால்தான் அழைக்கிறார்கள்.) இளைஞர் சொன்னது வெறும் ஒப்புமையல்ல. பௌதிக ரீதியில் இரண்டும் ஒரே வகைக் காற்றே.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். வளி சூடேறினால் விரிந்து இலேசாகிறது; அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வளி நகர்வதே காற்று. பகலில் கடலைவிட நிலம் விரைவில் சூடேறுவதால் கடற்காற்று கரைக்கு வருகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் திசை மாறுகிறது. பருவக்காற்றிலும் பெருமளவுக்கு இதே விதிதான் இயங்குகிறது. யூன், யூலை மாதங்களில் பாகிஸ்தானும் வடமேல் இந்தியாவும் கொதிக்க, அங்கே தாழமுக்கம் நிலைகொள்கிறது. அதை நோக்கி மத்தியகோட்டைத் தாண்டிவரும் இந்து சமுத்திர வளி, பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேல் காற்றாகிறது.

இக்காற்று கடலின் ஈரத்தோடு வருவது. வட்டவளைப் பக்கம் மழையாய்க் கொட்டுவது. அதுவே மலைநாட்டைக் கடந்து மட்டக்களப்புக்கு வந்ததும் கடற்காற்றையே தடுத்துநிறுத்தி, வெப்பநிலையை 38 பாகை செல்சியசுக்குக் கிட்டக் கொண்டுபோகிறது. இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு விடை கையிலேயே உண்டு. வளியை அமுக்கினால் சூடேறும், விரியவிட்டால் குளிரும். எமது தொழிற்சாலையில் காற்றை அமுக்கும் இயந்திரத்தின் குழாயைத் தொட்டால் கை சுடும். அங்கே நெருப்பு எதுவுமில்லை. மலைக்கும் இதே விதிதான். உயரம் செல்லச் செல்ல அமுக்கம் குறைவதால், மலையேறும் வளி விரிந்து 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. முகில் உருவாகத் தொடங்கியதும், நீராவி ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிப்படுவதால், குளிரும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. மழையாக நீரை இழந்த வளி மறுபக்கம் இறங்கும்போதோ, 1000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறுகிறது.

ஒரு எளிய கணக்கு. கரையில் வளி 30 பாகை. 500 மீற்றர் ஏறியதும் 25 பாகை. அங்கே முகில் தொடங்குகிறது. அதிலிருந்து 1000 மீற்றருக்கு 5 பாகை வீதம் குளிர்ந்து, 2000 மீற்றரில் 17.5 பாகை. மறுபக்கக் கரைக்கு இறங்கும்போது 20 பாகை கூடி 37.5 பாகை! இயற்கை இவ்வளவு ஒழுங்கானதல்ல. மழை பெய்யாமலே ஃபோன் வீசும் நாட்களும் உண்டு. அப்போது மலைக்கு மேலிருக்கும் வளி நேரே இறங்கி வந்து சூடேறுகிறது. இரண்டிலும் சூட்டைத் தருவது இறக்கமே.

அல்ப்ஸ் மலையின் தெற்கே அமுக்கம் கூடி வடக்கே குறையும்போது ஃபோன் வீசுகிறது. 1861 மே மாதம் கிளாறுஸ் நகரில் பிடித்த தீயை இக்காற்று பரப்பி, சுமார் 600 கட்டடங்களை அழித்தது. அக்காலத்தில் இச்சூடு சகாராவிலிருந்து வருவதாகக் கற்றோரும் நம்பினர். இறங்கும் வளி அமுக்கப்படுவதால்தான் சூடேறுகிறது என ஒஸ்திரியரான யூலியஸ் ஹான் 1866இல் விளக்கினார்.

இங்கு என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையாளனாக இருந்தபோது, அல்ப்சின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து ஃபோனைப் பல வருடங்கள் கற்பித்தேன். முன்வாங்கில் மட்டக்களப்பு மாணவர்கள் இருந்தார்கள். கச்சானைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பரீட்சைக்குத் தேவையானது அல்ப்ஸ்தான் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

மக்களின் அனுபவமே முழு அறிவு என நான் வாதிடவில்லை. காற்றின் குணம் தெரிந்த விவசாயிக்கு அதன் காரணம் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. சகாரா கதையும் அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் காரணம் தெரிந்த நான், அந்தக் காற்றில் வளர்ந்தவர்களிடம் அதைக் கொண்டுசெல்லவில்லை. தமிழில் விஞ்ஞானம் என்றால் கலைச்சொல் ஆக்குவதே என்றிருந்தோம். ஏற்கெனவே வழக்கில் இருந்த சொல்லை யாரிடமும் விசாரிக்கவில்லை.

இங்கு வளரும் எமது பிள்ளைகள் ஃபோன் என்ற சொல்லை அறிவார்கள். கச்சானையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கையில் ஒரு சைக்கிள் பம்பையும் கொடுங்கள். வாசகர்கள் தத்தம் ஊர்க் காற்றுகளின் பெயர், வீசும் மாதம், குணம் ஆகியவற்றை எழுதி அனுப்பினால், தெரிந்தமட்டில் காரணங்களை எழுத முயல்வேன்.