திராட்சைப் பந்தலும் அசிட்டைல்கோலினும்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் படர்கிறது. மருந்தடிப்பவர் அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். இலையில் தங்காதது அவர் முகத்திலும் கழுத்திலும் சொட்டும், சட்டை நனையும். பூஞ்சைக்கு அடிப்பது வேறு. பூச்சிக்கு அடிப்பவற்றில் ஆர்கனோபாஸ்பேட் என்றொரு வகை உண்டு. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் அந்த வகைதான். இவை பூச்சியை நரம்பில் அடிக்கின்றன. பூச்சியின் மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினேதான் நம் மூளையிலும் ஓடுகிறது.

நரம்புச் செல்களுக்கு நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதைத் தாண்டிச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்களே நரம்புக்கடத்திகள். ஒன்றை அடையவேண்டும் என்ற உந்துதலில் டோபமைனுக்கும், மனநிலையிலும் தூக்கத்திலும் செரட்டோனினுக்கும் பங்குண்டு. காபா மூளையின் படபடப்பை அடக்கும். கவனமும் நினைவும் அசிட்டைல்கோலினைச் சார்ந்தவை. தசை, இதயம், சுரப்பிகளுக்கும் அதுவே ஆணை சொல்கிறது. முதலில் பிடிபட்ட கடத்தியும் இதுதான். 1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தை நரம்பைத் தூண்டி மெதுவாக்கினார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டதும் அதுவும் மெதுவானது. 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

சொன்ன செய்தி உடனே அழியவும் வேண்டும். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை வெட்டித் தள்ளுகிறது. ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். செய்தி அழியாமல் குவிகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கட்டும். மூளையில் பதற்றம், குழப்பம், கடைசியில் வலிப்பு. மருந்தடித்தபின் வரும் தலைவலியையும் மங்கல் பார்வையையும் வெயில் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். மருந்துப் புட்டியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தரும் அட்ரோபின், அசிட்டைல்கோலின் அமரும் இடங்களை மறித்துக்கொள்ளும். நம் ஊர் ஊமத்தையிலும் அது இருக்கிறது. அதற்காக ஊமத்தையை அரைத்துக் கொடுத்தால் அதுவே நஞ்சு.

இதே நொதியை மிதமாகத் தடுக்கும் டோனிபெசில்தான் அல்சைமர் நோயாளிகளின் நினைவுக்குத் தரப்படுகிறது. அளவும் பிடியும்தான் வேறு.

பூச்சிமருந்தின் பிடி நேரம் ஆக ஆக இறுகும். பிறகு உடல் புது நொதி செய்துதான் ஈடுகட்ட வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள நொதி பழைய அளவுக்குத் திரும்ப வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். கம்பத்துத் திராட்சையோ ஆண்டு முழுவதும் காய்க்கிறது. அடுத்த மருந்தடிப்பு அத்தனை நாள் காத்திருப்பதில்லை.