32 பேர் எங்கே போனார்கள்?

சுட்டிகளே! புவனகிரியில் 100 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். (ஒரே பஸ்ஸில் 100 பேரா என்று கேட்காதீர்கள். காலை எட்டரை மணிக்கு வந்து பாருங்கள்!) வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரத்தில் இறங்குவதோ 68 பேர்தான். மற்ற 32 பேரைக் காணோம்! உங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் தினமும் நடப்பது இதுதான்.

எரியும் கேஸின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறது ஐ.எஸ்.4246 என்ற இந்தியத் தர விதி. மிச்சமெல்லாம் சமையலறைக் காற்றையும் அடுப்பையும் சூடாக்கிவிட்டுப் போய்விடும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். அதில் 32 சதவீதம் என்றால் சுமார் நாலரை கிலோ. அதற்கும் காசு கொடுத்தாயிற்று; ஆனால், ஒரு பருக்கைகூட வேகவில்லை!

இது சோதனைக்கூடக் கணக்கு. வீட்டில் இன்னும் மோசமாகலாம். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறுகிறதா? அது வீண். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா? பர்னருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை; துளைகளில் அழுக்கு அடைத்திருக்கலாம். பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் இதனால்தான். உடனே அம்மாவிடம் சொல்லுங்கள். பர்னரைக் கழற்றுவது பெரியவர்கள் வேலை.

உலை கொதித்த பிறகும் தீயைப் பெரிதாக வைப்பார்கள் சிலர். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் அதிகமாகும், அரிசி சீக்கிரம் வேகாது. 'சிம்'மில் வைத்தாலே போதும்.

அடுப்பையே மாற்றினால் என்ன என்று யோசித்தார்கள் குவாஹாட்டி ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள். அவர்களுடைய பர்னரில் தீ மேலே நின்று எரியாது. பஞ்சு போலத் துளைகள் நிறைந்த சிலிக்கன் கார்பைடு வில்லைக்குள்ளேயே எரியும். வில்லை செக்கச்செவேலென்று பழுத்து, பாத்திரத்தின் மேல் வெப்பத்தை வீசும். வழக்கமான அடுப்பைவிட இதில் திறன் சில சதவீதம் கூடியது. நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் குறைந்தது.

நாளை அம்மா வெந்நீர் வைக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒருநாள் மூடி போட்டு, மறுநாள் மூடி இல்லாமல். அதே பாத்திரம், அதே அளவு தண்ணீர், அதே தீ. அடுப்புப் பக்கம் போகாமல், கொதிக்க எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தை மட்டும் பார்த்து எழுதி வையுங்கள்.