கண்ணாடிக் கதவும் கேமரன் மலை மழையும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றுச் சொந்த வீடு கட்டுவோருக்கு ஓர் ஆசை உண்டு. கொழுந்து பறித்த சரிவை இனி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காகக் கூடத்துச் சுவரில் ஆறடி அகலத்துக்கு நகரும் கண்ணாடிக் கதவு வைக்கிறார்கள். சேம நிதிப் பணம் கரைகிறது. முதல் பெருமழையில் தண்ணீர் உள்ளே வந்ததும், கதவு மட்டம் என்கிறார்கள். குறை கதவிலா? பெரும்பாலும் இல்லை. அதைப் பொருத்திய விதத்தில்தான்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றடித்தால் சாரல் நேராகக் கதவில் மோதும். குளிரும் இரவில் வீட்டுக்குள் இருக்கும் ஈரம் கண்ணாடியில் துளியாகப் படிந்து கீழே வழியும். இரண்டும் சேருமிடம் கதவு ஓடும் அடித்தண்டவாளம். அதில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். அழகுக்காகச் சிமெண்டோ சிலிக்கோனோ பூசி அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீருக்கு வீட்டுக்குள் வருவதைத் தவிர வேறு வழியில்லை.

கதவின் பாரம் முழுவதும் அடிச்சக்கரங்களில் நிற்கிறது. ஆகவே தண்டவாளம் ரசமட்டத்தில் இம்மியும் சாயக்கூடாது. சட்டத்தின் மூலைக்கு மூலை அளவு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவரை வெட்டினால் மேலே தக்க விட்டம் கட்டாயம். இல்லையென்றால் சுவரின் பாரம் சட்டத்தை அழுத்தும், கதவு நகராது. வெளித்தரை கதவடியைவிடத் தாழ்ந்து, வீட்டை விட்டு விலகிச் சரிய வேண்டும். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் சாதாரணக் கண்ணாடி ஆகாது. உடைந்தால் கூரிய துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும் கடினக் கண்ணாடியே தேவை. கதவை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் தண்டவாளத்தில் தடுப்புக் கட்டையும் வைக்க வேண்டும். திருடருக்கு அதுவே பூட்டு.

வேலையில் இருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டம் கொடுத்த வீடு முதலாளிக்குச் சொந்தம். அதைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446இன்படி அவருடைய கடமை. எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அங்கே சுவரை வெட்டிச் செலவழித்தால், வீட்டைக் காலி செய்யும் நாளில் கதவு அங்கேயே நின்றுவிடும். சொந்த வீடாயினும் சுவரை மாற்றுமுன் மாவட்ட மன்றத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

கடைசித் தவணையைக் குத்தகையாளரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை போதும். ஒரு குவளைத் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றிப் பார்க்கலாம். அது துளை வழியாக வெளியே போனால் பணத்தைக் கொடுக்கலாம். தேங்கி நின்றால், மழை வருமுன் கதவைத் திரும்பப் பொருத்தச் சொல்ல வேண்டும்.